தாழ்ப்பாள் தீர்மானம்

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். இங்கே நான், உங்கள் தங்கை, மகள் மூவரும் நன்றாக இருக்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் அவ்வளவு நன்றாக இல்லை, காரணம் கீழே வருகிறது. அங்கே அக்காவும் மருமகனும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போன வாரம் நீங்கள் போனில், "மாப்ளே, பையன் ஸ்கூல்ல பெற்றோர் ஆசிரியர் சங்கம்னு சீட்டு குடுத்து விட்டிருக்காங்க, டீயும் பிஸ்கட்டும் குடுத்து உக்கார வைக்கிற வேலை, இதுக்கெல்லாம் போகணுமா?" என்று கேட்டீர்கள். அப்போது நான் ஏழாவது மாடியில் ஒரு லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்ததால் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் உங்கள் கட்சிதான். அந்தச் சீட்டுகளெல்லாம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேலேதான் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. ஒருநாள் வகுப்பு டீச்சர் கண்டிப்பாக ஒருவராவது வர வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பிவிட்டார். உங்கள் தங்கைக்கு பேக்கரியில் மாலை ஷிஃப்ட், "போய் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு ஓடி வந்துடுங்க" என்றாள். போனேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன் என்பதைவிடச் செருகிக்கொண்டேன் என்பதே சரி. ஆண்டு விழா அழைப்பிதழ் நீல நிறத்தில் இருக்க வேண்டுமா, ரோஸ் நிறத்திலா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். பிறகு சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர், "செயலாளரா இருக்க யாருக்கு விருப்பம்?" என்று கேட்ட அதே நொடியில், மரத்துப்போன காலை உருவ நான் எழுந்தேன், முழங்கால் மேஜையில் 'ணங்'கென்று இடித்தது, "அடடா, எவ்வளவு ஆர்வம்!" என்று தலைவர் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். வலியில் எனக்குப் பேச்சு வரவில்லை. பதிவேட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மதியம் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை அறைக்குப் போகிற வழியில் பிள்ளைகளின் கழிப்பறை. அங்கே நம் வீட்டுப் பெண் ஒரு கதவில் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றி, வாட்ச்மேன் மாதிரி நிற்கிறாள்.

"என்னடா பண்றே இங்க?"

"கதவைப் பிடிச்சிட்டிருக்கேன்ப்பா. உள்ள ஆள் இருக்கு. தாழ்ப்பாள் கிடையாது."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா. நான் கொஞ்சம் பலமா இருக்கேன்ல, அதனால எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுவாங்க."

"நீ போகும்போது யாரு பிடிப்பா?"

சிரித்தாள். "நான் போறதே இல்லப்பா. தண்ணி குடிக்காம இருந்தா வராது."

மச்சான், அந்த வருடம் மட்டும் நீர்க்கடுப்பு என்று மூன்று முறை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறோம், மூன்று முறையும் அவர் தண்ணீர் குடிக்கச் சொன்னார், நானும் தினமும் அவளுடைய பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருவதைப் பார்த்து, "தண்ணி குடிக்கக்கூடச் சோம்பேறித்தனமா?" என்று கத்தியிருக்கிறேன். கதவு சரியாக மூடாவிட்டால் ஒரு அங்குலம்கூட நகராத லிஃப்டுகளைப் பதினெட்டு வருடமாகப் பழுது பார்க்கிறவன் நான்.

வகுப்பு டீச்சரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து நான்கு தாள்களை எடுத்துக் காட்டினார், நான்கும் தாழ்ப்பாள் கேட்டு அவர் எழுதியவற்றின் நகல்கள். "சார், நாங்க எழுதினா அது ஒரு கோரிக்கை, ஃபைலுக்குப் போயிடும். நீங்க எல்லாரும் சேர்ந்து எழுதினா அது தீர்மானம், பதில் சொல்லியே ஆகணும். அதுக்குத்தான் வாங்க வாங்கன்னு கெஞ்சறோம்" என்றார். ராஜினாமாக் கடிதம் பையிலேயே நசுங்கியது.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அழைப்பிதழுக்கு முன்னால் தாழ்ப்பாளைப் போட்டேன். தலைவர் நெளிந்தார். "செயலாளரே, லேடீஸ் எல்லாம் இருக்காங்க, இதையெல்லாமா சபையில பேசறது?" என்றார். கடைசி பெஞ்சிலிருந்து தையல்கார அம்மா ஒருவர் மெதுவாக, "என் பொண்ணும் தண்ணியை அப்படியே திருப்பிக் கொண்டாந்துடறா" என்றார். பக்கத்திலிருந்தவர், "என் பொண்ணு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம ஓடுவா, நான் விளையாட்டுன்னு நெனச்சேன்" என்றார். அப்படியே ஒவ்வொருவராக. தலைவர் மட்டும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என் பேத்திக்கு மூணு மாசமா நானே கடையிலேர்ந்து மருந்து எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டிருக்கேன். எதனாலன்னு கேக்கல" என்றவர், பதிவேட்டை என் கையிலிருந்து பிடுங்கி முதல் கையெழுத்தைப் போட்டார்.

பத்தே நாளில் அனுமதி வந்தது. சனிக்கிழமை நானும் நான்கு அப்பாக்களும் சேர்ந்து ஏழு கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டோம். "முதல் தாழ்ப்பாளை நானே சோதிப்பேன்" என்று தலைவர் உள்ளே போய்ப் பூட்டினார், நான் திருகாணியைக் கொஞ்சம் அதிகமாக முடுக்கிவிட்டேன் போலிருக்கிறது, இருபது நிமிடம் திறக்க முடியவில்லை. நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று வெளியே நாங்கள் குடிநீர்க் குழாய் பற்றிப் பேசத் தொடங்க, உள்ளேயிருந்து, "வழிமொழிகிறேன்!" என்று குரல் வந்தது. அதையும் அப்படியே பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

ஆகவே மச்சான், அவசியம் போங்கள். பேச வேண்டுமென்றுகூட இல்லை, போய்ச் செருகிக்கொண்டு உட்காருங்கள். நம் வீட்டுப் பெண் இரண்டு மாதமாக மருந்து சாப்பிடவில்லை. எங்கள் பள்ளியில் இனி எந்தப் பிள்ளைக்கும் அந்தக் குறை கிடையாது என்று செயலாளர் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன். அக்காவுக்கு என் வணக்கமும் மருமகனுக்கு என் முத்தமும். எல்லா நலமும் உங்களைச் சூழ்ந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: எழுத்துப்பிழை பார்க்க இதை மகளிடம் கொடுத்தேன். கடைசிப் பத்தியில் பென்சிலால் கோடு போட்டுவிட்டாள். "எந்தப் பிள்ளைக்கும்னு எழுதாதீங்கப்பா. ஆம்பளப் பசங்க பக்கம் கதவே கிடையாது" என்றாள். "ஏன் யாருமே சொல்லலை?" என்றேன். "அவங்களை யாரு கேட்டா?" என்றாள். வியாழக்கிழமை மறுபடியும் கூட்டம் போட்டிருக்கிறேன். சங்கத்துக்கு நீங்கள் அப்புறம் போய்க்கொள்ளலாம் மச்சான். இன்றைக்குச் சாயங்காலம் மருமகன் பள்ளிவிட்டு வந்ததும், முதலில் அவனைக் கேளுங்கள்.