மடத்தாரின் வெள்ளிக்கிழமைச் சோறு

லண்டன் முழுக்கச் சல்லடை போட்டாலும் மடத்தாரைப் போல ஒரு விசர்ப் பைத்தியத்தைக் காண ஏலாது. எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் தந்த மனிசனும் வேறு இல்லை.

ஏழைக் கிழவர்கள் இலவசமாய் இருக்க ஏதோ ஒரு வெள்ளைக்கார வியாபாரி அந்தக் காலத்தில் கட்டிவைத்த தருமவீட்டு வரிசை ஒன்று உண்டு, தோர்ண்டன் ஹீத் பக்கம். செங்கல் சுவர், உயரமான புகைக்கூண்டு, முன்னால் ரோசாச் செடிகள். இப்போது தனித்தனி வீடாக்கி விற்றுவிட்டார்கள். மூலைவீட்டை முதலில் போய்ப் பார்த்தவன் நான். பார்த்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? கோயில் அன்னதான வரிசையில் நின்று இவரிடம் அந்த வீட்டின் அருமை பெருமையைப் புளுகினேன். நான் மனைவியோடு பேசி முடிப்பதற்குள் மனிசன் வாங்கிவிட்டார். நான் இன்னும் இல்ஃபோர்ட் பிளாட்டில் கிடக்கிறேன். ஆத்திரத்தில் ‘மடத்தார்’ என்று பெயர் வைத்தவனும் நானேதான்.

வாங்கினவர் சும்மா இருந்தாரா?

“தருமத்துக்குக் கட்டின வீடடா தம்பி. ஒருத்தருக்குச் சோறு போடாமல் நான் வாயில வைக்க மாட்டன்.”

அன்றிலிருந்து தினமும் மதியம் ஒருவர் அகப்படுவார். தபால்காரர் சோறும் பருப்பும் தின்றார். கார் நிறுத்தினதுக்குத் தண்டம் எழுத வந்தவர் மூன்று வடை தின்றுவிட்டு, தண்டத்தையும் எழுதிவிட்டுப் போனார். பழைய கட்டடத்தில் மாவிலை கட்ட ஆணி அடித்தது ஏன் என்று கேட்க வந்த கவுன்சில்காரி, ரசம் குடித்துக் கண்ணீர் விட்டாள்.

வெள்ளிக்கிழமை என் முறை. அந்த யன்னலையும் மர உத்தரத்தையும் பார்த்துப் பார்த்துப் பொருமிக்கொண்டே தின்பேன்.

ஒரு வெள்ளி காலையில் போன் எடுத்தார். “பின்வளவில பேர்ஸ் மரம் காய்ச்சிருக்கு, வந்து பாரன்!”

தாங்க முடியவில்லை. வேலை என்று பொய் சொன்னேன். நாலு மணிக்குத் திரும்பவும் போன். குரல் கம்மிக் கிடந்தது.

“வேலை முடிஞ்சுதோ? வாறியே?”

மனிசனுக்குச் சீனி வருத்தம் வேறு, பசி கிடக்கக் கூடாது. ரயில் மாறி மாறி ஓடினேன். சோறு போட்ட கோப்பை இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு பிடியும் தின்னாமல் இருந்தார்.

“உங்களுக்கென்ன விசரோ அண்ணை? வாசலால எத்தினை சனம் போகுது! ஆரையாவது கூப்பிட்டிருக்கலாமே!”

“மற்ற நாளில கூப்பிடுவன். வெள்ளிக்கிழமை ஏலாது. இந்த வீடு இல்லாமப் போனது உனக்குத்தானே. உனக்குப் போடாமல் என்னடா தருமம்?”

நான் முதல் பிடியை வாயில் வைக்கும்வரை அவர் கோப்பையைத் தொடவில்லை.

எரிச்சல் போய்விட்டதா என்று கேட்காதீர்கள், போகவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் பதினொரு மணிக்கே ரயில் ஏறிவிடுகிறேன். வழியில் ரயில் நின்றால், மனிசன் பசியோடு இருப்பாரே என்று எனக்குப் பதறுகிறது.