மெஷின்ல இன்னும் மழை வரல

மழை வருமா, வராதா என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் அலுப்பாகிவிடும். கேட்பவர்களுக்குப் பதில் தேவையில்லை. சிரிப்பதற்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். (கேட்பவர்களில் பாதிப் பேர் அந்தச் சம்பவம் நடந்தபோது பிறந்திருக்கவே இல்லை.) கல்யாண வீடு, காதுகுத்து, புதுமனைப் புகுவிழா என்று எங்கே போனாலும் யாராவது அந்தக் கதையைத் தொடங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அதில் நான் இன்னும் கொஞ்சம் மடையனாகிக்கொண்டே வருகிறேன். அதனால் ஒரு தடவை நானே சொல்லிவிடுகிறேன். நடந்ததே போதுமான அளவுக்கு மடத்தனம்தான், யாரும் கூட்டிச் சொல்ல அவசியமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. மாமனாருக்கு ராஜபாளையத்துக்கு வெளியே பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறை இருந்தது. தறியிலிருந்து வரும் துணியை வேகவைத்து, வெளுத்து, அலசி, பக்கத்துக் களத்தில் வெயிலில் விரித்துக் காயவைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். காயவைப்பதற்கு வெயிலைத் தவிர வேறு மெஷின் கிடையாது. துணி விரித்துக் கிடக்கும்போது மழை பெய்தால் போச்சு. செம்மண் தெறித்துவிட்டால் அது ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி இல்லை, தரை துடைக்கிற துணி. மறுபடி முதலிலிருந்து வெளுக்க வேண்டும்.

மாமா தினமும் காலையில் வாசலில் நின்று மேற்கே மலையைப் பார்ப்பார். பல் குச்சியைக் கடித்துக்கொண்டே செத்த நேரம் பார்த்துவிட்டு, "விரிங்கலே" என்பார், அல்லது "வேண்டாம்லே" என்பார். அது தவறிப்போய் நான் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் எனக்கென்று ஒரு வேலையும் கிடையாது. போகும்போதெல்லாம் பால்கோவா வாங்கிக்கொண்டு போவேன். அதை வாங்கிக்கொண்டு என்னை ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்துவிடுவார்கள். துணி, நூல், லாரி என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும், நான் வாயைத் திறந்தால் அத்தை, "மாப்பிள்ளைக்குக் காபி கொண்டாங்க" என்பார். மாமா ஒரே ஒரு தடவையாவது என்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் பெரிய ஏக்கம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்போது அதுதான் உண்மை.

அந்த நேரத்தில்தான் மாமாவின் மகன், என் மச்சான், மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தான். அவன் அப்பாவுக்காகக் கொண்டுவந்த பெட்டியில் ஒரு வீட்டு வானிலை நிலையம் இருந்தது. மாடியில் நட்டுவைக்கும் கம்பத்தில் காற்றின் வேகம் பார்க்கச் சுற்றும் கிண்ணங்கள், திசை காட்டும் வால், மழை அளக்க ஒரு வாளி, ஈரப்பதம் பார்க்க ஒரு வெள்ளைக் கூண்டு. எல்லாவற்றிலிருந்தும் ஒயர் இறங்கிக் கீழே ஒரு டப்பாவில் எண்களாகத் தெரியும். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மழை வருமான்னு பாக்க டப்பாவா? மலைய என்ன எவனும் தூக்கிட்டுப் போயிட்டானா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் நகர்த்தினார். "மாப்பிள்ளை படிச்சவுக. அவுக வச்சிக்கிடட்டும்."

மச்சான் மஸ்கட் திரும்பிய பிறகு, மாமாவுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணிலும் புரை இருந்ததால் அதில் ஆள் தெரிந்தாலும் மலை தெரியாது. போதாததற்கு நெற்றியிலிருந்து பச்சைத் துணி ஒன்று தொங்கியது. வெளியே வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆயுதபூஜை லீவுக்கு நானும் என் மனைவி செல்வியும் ராஜபாளையம் போனோம். பெட்டியும் கூடவே வந்தது. (பால்கோவாவும்தான்.)

பூஜைக்கு முந்தின நாள் முழுக்க நான் மாடியில் இருந்தேன். கைப்பிடிச் சுவரில் ஜி.ஐ. பைப்பைக் கிளாம்ப் போட்டு நிறுத்தினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆங்கிலத்தில் இருந்த விளக்கப் புத்தகத்தில் எனக்கு முழுசாகப் புரிந்த வரி ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் உள்ளே புகாமல் இணைப்புகளை அடைக்கவும். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஒயர் சேரும் இடங்களில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றினேன். ஈரப்பதம் பார்க்கும் வெள்ளைக் கூண்டில் நாலு பக்கமும் ஜன்னல் மாதிரி கீற்றுகள் இருந்தன. காற்று போய்வர வைத்த கீற்றுகள் என்று பிற்பாடு தெரிந்தது. இதென்ன, இப்படித் திறந்து கிடக்கிறதே, வெள்ளைக்காரன் அசட்டையாகச் செய்திருக்கிறானே என்று ஒவ்வொன்றையும் பசை பிசைந்து அடைத்தேன், குழாய் ஒழுகினால் அப்புவோமே, அந்தப் பசை. மழை வாளியில் காக்கை எச்சமிடக்கூடாது என்று ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். மழை வந்தால் ஓடிப்போய்க் கழற்றிவிடலாம் என்பது என் திட்டம்.

செல்வி மோர் கொண்டுவந்தவள் நின்று பார்த்தாள்.

"என்னங்க, மழைய அளக்க வந்ததுக்கு மழை படக்கூடாதுன்னா எப்படி?"

"இது எலெக்ட்ரானிக்ஸ். ஒனக்குப் புரியாது" என்றேன். (எனக்கும் புரியாது. அது அவளுக்குத் தெரியும்.)

மறுநாள் ஆயுதபூஜை. பட்டறையில் துணி வேகவைக்கும் கொப்பரை, மோட்டார், தராசு, லாரி, கத்தரிக்கோல் வரைக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பொரி, கடலை கொடுத்து ஆட்களை அனுப்பிய பிறகு அத்தை தட்டோடு மாடி ஏறி வந்தார்.

"மாப்பிள, இதுவும் மெஷின்தான? இத விட்டா கோவிச்சிக்கிடாதா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மெஷினும் பட்டறை மெஷின்களின் வரிசையில் சேர்ந்துவிட்டதே!

"இது சுத்திக்கிட்டே கெடந்தா எப்படிப் பொட்டு வைக்கது? செத்த பிடிச்சிக்கிடுங்க."

பிடித்துக்கொண்டேன். அத்தை தாராள மனசு. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் சந்தனத்தை வழித்து அப்பினார். காற்றில் பறந்துவிடாமல் இருக்க ஒரு செவ்வந்தி மாலையைக் கிண்ணம், வால், பைப் எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றி நாரால் கட்டினார். முடிச்சு நழுவாமல் இருக்க நான்தான் விரலை வைத்து அழுத்திக் கொடுத்தேன். சூடம் காட்டினார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். பூஜை போட்ட மாலையை வாடும் முன்னால் கழற்றுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

கீழே வந்து டப்பாவைப் பார்த்தேன். முந்தின நாள் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கிய எண்கள் அடங்கியிருந்தன. காற்று பூஜ்யம். திசை கிழக்கு, அசையவே இல்லை. ஈரப்பதம் கம்மி. பூஜை போட்டதும் மெஷின் நிதானத்துக்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். காற்றழுத்தம் என்று இன்னொரு எண் மட்டும் மெள்ள மெள்ளக் குறைந்துகொண்டிருந்தது. பேட்டரி தீருகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (அது குறைந்தால் மழை வரப்போகிறது என்று அர்த்தமாம்.)

விஜயதசமி காலையில் நல்ல வெயில். லோடு மறுநாள் கிளம்பியாக வேண்டும். அலசிய துணி தொட்டியில் மலையாகக் கிடந்தது, இன்னும் ஒரு நாள் ஈரத்தில் கிடந்தால் மஞ்சள் பாய்ந்துவிடும். மேஸ்திரி முத்தையா வந்து வாசலில் நின்றார். மாமா கட்டிலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் ஒரு தவிப்பு. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, ஒங்க மெஷினு என்ன சொல்லுது? விரிக்கலாமா?"

கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருந்த கேள்வி. டப்பாவைப் போய் வேண்டுமென்றே மெதுவாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

"தாராளமா விரிக்கலாம் மாமா. காத்தும் இல்ல, ஈரமும் இல்ல."

"பாதிய இப்ப விரிச்சிட்டு, பொறவு பாத்துக்கிடுவமா மொதலாளி?" என்றார் மேஸ்திரி.

"எதுக்குப் பாதி? முழுசையும் விரிங்க" என்றேன் நான். மாமா தலையாட்டினார். களம் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளையாகிவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்வி உள்ளே வந்தாள். "என்னங்க, மேக்க மலையே தெரியல. இருட்டிக்கிட்டு வருது."

நான் வெளியே போய்ப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தேன். "காத்து பூஜ்யம். வராது."

"மண்ணு வாசம் வருதே மாப்பிள்ளை?" என்றார் மாமா.

"அத்தை வாசல் தெளிச்சிருப்பாக மாமா."

"நான் அடுப்படியில இருக்கேன்" என்று அத்தையின் குரல் உள்ளேயிருந்து வந்தது. அதே நேரம் வாசல் கதவு படாரென்று சுவரில் அடித்துக்கொண்டது. அந்தக் காற்றிலும் டப்பா பூஜ்யத்தை விட்டு நகரவில்லை.

பிறகு நடந்ததை மழை என்று சொன்னால் மழைக்கு அவமானம். மேஸ்திரி, ஆட்கள், செல்வி, அத்தை எல்லோரும் களத்துக்கு ஓடினோம். நான் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தேன். காற்று இன்னொரு முனையைப் பிடித்து என்னைச் சுருட்டியது. சேற்றில் வழுக்கி விழுந்து உருண்டதில் கால், கை, கழுத்து, தலை என்று ஈரப் பேண்டேஜ் என்னைச் சுற்றிக்கொண்டது. லாரியில் அடிபட்டவன் மாதிரி தட்டுத்தடுமாறி வீட்டுக்குள் வந்தேன். துணியை அவிழ்க்கக் கத்தரிக்கோல் தேடித்தான் வந்தேன் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன், யாரும் நம்புவதில்லை.

கண்ணில் கட்டோடு மாமா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூரையில் மழைச் சத்தம் காதைப் பிளந்தது. கட்டுப் போட்ட அவர், கட்டுப் போட்ட என்னைக் கேட்டார்.

"மாப்பிள்ளை, மழையா வருது?"

எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் தெரியவில்லை. பழக்க தோஷம். கண் தானாக டப்பாவுக்குப் போனது. காற்று பூஜ்யம், மழை பூஜ்யம், ஈரப்பதம் கம்மி. அதன் கணக்குப்படி ராஜபாளையத்தில் அருமையான வெயில்.

"மெஷின்ல இன்னும் வரல மாமா" என்றேன்.

பின்னால் செல்வி சேறும் துணியுமாக நின்றிருந்தாள். அவள் கேட்டுவிட்டாள். அதோடு என் கதை முடிந்தது. பரீட்சை ரிசல்ட், பெண்ணுக்கு வரன், கரண்ட் என்று எது தாமதமானாலும் இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில், "மெஷின்ல இன்னும் வரல" என்றுதான் சொல்வார்கள்.

மாமா அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. "போயி தலையத் துவட்டுங்க, சளி பிடிச்சிரும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. துணி முழுவதும் மறுபடி கொப்பரைக்குப் போனது, லோடு தவறிப்போனது. இனிமேல் இந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்கமாட்டார் என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

அடுத்த வருஷம் மழைக்காலம். மாமாவுக்குக் கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் காலையில் அலுவலகத்துக்குப் போன் வந்தது.

"மாப்பிள்ளை, இன்னைக்கு மழை வருமா?"

நம்பவே முடியவில்லை. ஜன்னல் வழியாக வானத்தை எட்டிப் பார்த்தேன். கோபுரத்துக்கு மேலே ஒரு பொட்டு மேகம் இல்லை. பொறுப்போடு யோசித்துச் சொன்னேன், "வராது மாமா."

போனை வைப்பதற்கு முன்னால் அவர் களத்தைப் பார்த்துக் கத்தியது கேட்டது.

"ஏலே முத்தையா! மாப்பிள்ளை வராதுங்காரு! துணியச் சுருட்டு!"

அன்று சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. அதற்குப் பிறகு மாமா இருந்தவரைக்கும் மழைக்காலத்தில் எனக்குப் போன் வராத வாரம் கிடையாது. மலையைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டார். நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்து, ஒரு முழத் துணிகூட நனையாமல் தொழில் நடத்தினார். ஆசைப்பட்ட மாதிரியே அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

இப்போது மாமா இல்லை. துணி காயவைக்கப் பட்டறைக்குள்ளேயே மெஷின் வந்துவிட்டது. யாருக்கும் என் யோசனை தேவைப்படாது என்று நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், நேற்றுக் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது செல்வி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"என்னங்க, மழை வருமா?"

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "வராது" என்றேன்.

ஸ்டவ்வை அணைத்துவிட்டு, கொடியில் கிடக்கும் துணியை எடுக்க அவள் மாடிப்படி ஏறிப் போகும் சத்தம் கேட்டது.