மகிழ்ச்சிக் குழு பார்த்த ஊமைப்படம்

சிரிப்பு ஆபத்தான பொருள். பொறுப்புள்ள அதிகாரிகள் அதை வெட்டி, சுத்தம் செய்த பிறகே தொழிலாளர்களுக்கு வழங்க வேண்டும். இந்த மகத்தான உண்மையை உலகுக்கு அளித்த பெருமை, ராயபுரத்தைத் தாண்டி இருக்கும் ஒரு பனியன் கம்பெனியையே சேரும்.

வெளிநாட்டுக்குப் பனியன் வாங்கும் நிறுவனம், "உங்கள் தொழிலாளர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா? நேரில் பார்க்க வருகிறோம்" என்று சொல்லிவிட்டது. உடனே 'மகிழ்ச்சிக் குழு' அமைந்தது. தலைவர், மனிதவள மேலாளர் செங்கோட்டையன். உறுப்பினர், பெண்கள் விடுதிக் காப்பாளர் விஜயராணி. தொழிலாளர் பிரதிநிதி, செக்கிங் பிரிவு முத்துப்பேச்சி. பிரதிநிதி என்பதால் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆளுக்கொரு பாஷை பேசும் இடம். ஆகவே செங்கோட்டையன் பழைய ஊமைப்படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். துணிக்கடை வேலையாள் ஒருவன் முதலாளி மகளைக் காதலித்து, வழியெல்லாம் விழுந்து எழும் சிரிப்புப் படம்.

"ஒருத்தரும் வாயே தொறக்கறதில்லீங்க. நம்ம ஆளுங்களுக்கு நல்ல முன்மாதிரி" என்றார்.

முதலில் ஆபீஸ் அறையில் குழுவுக்கு மட்டும் படம் ஓடியது. கதாநாயகன் ஏணியிலிருந்து முதலாளியின் தொப்பி மேல் விழுந்தான். முத்துப்பேச்சி குபீரென்று சிரித்துவிட்டாள்.

செங்கோட்டையன் படத்தை நிறுத்தினார். "ஏனம்மிணி, எதுக்குச் சிரிச்சே?"

"தொப்பி முதலாளி மூக்கு வரைக்கும் இறங்கிருச்சு சார்."

"பாத்தீங்களா! முதலாளிய அவமதிக்கற காட்சி. ஏணில சேஃப்டி பெல்ட் வேற போடல. வெட்டுங்க."

கதாநாயகன் முதலாளி மகளின் ஜன்னலைப் பார்த்து ஒரு முத்தத்தைப் பறக்கவிட்டான். குறி தவறியது, போலீஸ்காரர் தன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடி சிரிப்பு. "ஆஸ்டல் புள்ளைங்களுக்கு ஆகாதுங்க" என்றார் விஜயராணி. வெட்டு.

இப்படித்தான் குழு ஓர் அரிய 'அறிவியல் முறை'யைக் கண்டுபிடித்தது. முத்துப்பேச்சி எங்கே சிரிக்கிறாளோ, அங்கே தவறு இருக்கிறது. அதன் பிறகு அதிகாரிகள் படத்தையே பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. இருவரும் பேசிவிடாதபடி முதலாளி நடுவில் நிற்கிறார். காதலர்கள் ஒரு நீளத் துணியை ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்கிறார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஓரடி நெருங்குகிறார்கள். நடுவிலிருந்த முதலாளியும் துணியோடு சேர்ந்து மடிந்து, பண்டலாகிக்கொண்டே வருகிறார்.

முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் இந்தக் காட்சி அவளுக்கு வேண்டும். அயர்ன் மேசை மாதவன், கழுத்தில் தாலி முடிச்சுப் போடுவது போல விரலால் காட்டி, 'சம்மதமா' என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வேலையிடத்தில் ஆணும் பெண்ணும் பேசினால் அன்றைக்கே ஊருக்குப் பஸ். தலையசைத்தாலும் சூப்பர்வைசர் பார்த்துவிடுவார். அவர் கண்ணும் திரையில் ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால் இப்படி ஒரு காட்சி ஓட வேண்டும்.

அவள் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டாள். சாவு வீட்டில் துஷ்டிக்கு உட்கார்ந்திருப்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

செங்கோட்டையன் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். "இதுல ஒண்ணுமில்லீங்க. துணி மடிக்கறாங்க. டீம் ஒர்க். விட்டுருங்க."

விழா நாளில் ஹாலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் கயிறு. ஒன்றரை மணி நேரப் படம் ஆறு நிமிடமாகப் பக்குவப்பட்டிருந்தது. கதாநாயகன் கடையைத் திறந்தான். கூட்டினான். தூசி தட்டினான். ஒருவரும் சிரிக்கவில்லை. செங்கோட்டையனுக்கு வேர்த்தது.

பிறகு துணி மடிப்பு வந்தது. எங்கோ ஒருத்தி களுக்கென்றாள். முதலாளி பண்டலானபோது ஹாலே அதிர்ந்தது. சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். முத்துப்பேச்சி கயிற்றுக்கு அப்பால் திரும்பிப் பார்த்தாள். மாதவன் திரையைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலையை ஒரு முறை, நன்றாகவே அசைத்தாள்.

விளக்கு எரிந்தது. ஆய்வுக்கு வந்திருந்த சித்ராதேவி மேடம் பூரித்துப்போயிருந்தார்.

"எங்க ஆளுங்க எப்பவும் இப்படித்தானுங்க மேடம்" என்றார் செங்கோட்டையன்.

மேடம் பிரதிநிதியை அழைத்தார். "ஊமைப்படமாச்சே, யாருமே பேசலையே. உங்களுக்கு வித்தியாசமா இல்லையாம்மா?"

விஜயராணி கண்ணை உருட்டினார். மாதவனுக்குப் பதில் சொல்லிவிட்ட தெம்பில் இருந்த முத்துப்பேச்சிக்கு அது தெரியவில்லை.

"ஊமைப்படமா மேடம்? எங்க கம்பெனிக்குள்ள எடுத்த படம்னுல்ல நெனச்சோம்!"