வெங்காயம் வதக்கிய வாக்காளர்

முப்பத்தியோரு வருஷமாக மெர்வின் போட்ட ஓட்டு ஒன்றுகூட உருப்படவில்லை. செல்லாத ஓட்டு என்று யாரும் ஒதுக்கிவிடவில்லை. ஒழுங்காக உள்ளே போவார். ஒழுங்காகக் கட்டங்களில் ஒன்று, இரண்டு என்று எண் போடுவார். ஒழுங்காக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வருவார். அவருக்குப் பின்னாலேயே நோரீன் போவாள். அவர் யாருக்கு முதல் எண் கொடுத்தாரோ அந்த ஆளுக்குக் கடைசி எண்ணைக் கொடுத்துவிட்டு வருவாள். அவ்வளவுதான், கணக்கு நேர்.

இரண்டு பேரும் வீட்டிலேயே இருந்துவிட்டால் பெட்ரோலாவது மிச்சமாகும். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஓட்டுப் போடாவிட்டால் அபராதம். ஆகவே தம்பதி சமேதராய்க் காரில் ஏறிப் போய், ஒருவர் ஓட்டை ஒருவர் அழித்துவிட்டு, தம்பதி சமேதராய்த் திரும்பி வந்து டீ குடிப்பார்கள். இப்படியே பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள். மெர்வின் அலுத்துப் போனார்.

இந்தத் தடவை மட்டும் அப்படி விட முடியாது. மில்பரா ஊர்க் கவுன்சிலில் ஓர் இடம் காலி. நிற்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் பக்கத்து வீட்டு ஐவர். பெயர்தான் ஐவர், ஆள் ஒருவர்தான். ஆனால் பேச ஆரம்பித்தால் ஐந்து பேருக்குச் சமம். ஊரார் பந்து உருட்டி விளையாடும் புல்தரையை யாரும் தொடக் கூடாது என்பது ஐவரின் ஒரே கொள்கை. எதிரே நிற்பவர் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை தெல்மா. அந்தப் புல்தரையைத் தோண்டி, மூட்டுவலிக்காரர்களுக்கு வெந்நீர் நீச்சல் குளம் கட்டுவேன் என்பது அவர் வாக்குறுதி. நோரீனுக்கு இரண்டு முழங்காலிலும் வலி.

மெர்வினுக்கு இருந்த ஒரே புகலிடம் அந்தப் புல்தரை. அங்கே போய்க் கனமான பந்தைக் கையில் எடுத்தால், ஓடு மாற்று, வேலியைக் கட்டு, கோழிக்கூண்டைக் கழுவு என்று ஒரு குரலும் எட்டாது. அதைத் தோண்டிவிட்டால் மிச்ச வாழ்நாளெல்லாம் வீட்டில்தான். நினைத்தாலே மூச்சு முட்டியது. இந்த ஒரு தடவை தன் ஓட்டு அழியாமல் நிற்க வேண்டும் என்று சபதம் எடுத்தார். அதற்கு ஒரே வழி, நோரீன் ஓட்டுப் போட மறக்க வேண்டும். அபராதம் வந்தால் சிரித்த முகத்தோடு தானே கட்டிவிடுவது என்றும் முடிவு செய்தார்.

வழியைக் காட்டியது ஊர் நூலகம். வாசல் கண்ணாடியில் ஓர் அறிவிப்பு: ‘நம் ஊர், நம் ஓட்டு. தேர்தல் நாளில் எடுத்த புகைப்படங்களுக்கான போட்டியும் கண்காட்சியும்.’ நோரீனிடம் மகள் வாங்கிக் கொடுத்த நல்ல கேமரா இருந்தது. இதுவரை அதில் அகப்பட்டவை கோழிகள் மட்டும்தான்.

அன்று சாயங்காலமே மெர்வின் வேலையைத் தொடங்கினார்.

"நோரீன், இந்தக் கோழி படம் நீயா எடுத்த?"

"பின்ன, கோழியா எடுத்துக்கிச்சு?"

"பிரமாதம்! அந்தக் கண்ணுல ஒரு... ஒரு சிந்தனை தெரியுது பாரு."

"முட்டை வைக்கப் போற கோழி மெர்வ் அது. அதோட சிந்தனையெல்லாம் வேற எடத்துல இருக்கு."

"இல்ல, சத்தியமாச் சொல்றேன். உன்கிட்ட ஒரு கலைஞி ஒளிஞ்சிருக்கா. லைப்ரரில போட்டி வச்சிருக்காங்க. ஓட்டுப் போடற அன்னிக்கு நீ கேமராவோட கெளம்பினா மத்தவங்க எல்லாம் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

நோரீன் பாத்திரம் துடைப்பதை நிறுத்தினாள்.

"கல்யாணப் படத்த மாட்டறதுக்கு ஒரு ஆணி அடின்னு மூணு வருஷமாச் சொல்றேன். அதுக்கு ஆள் இல்ல. இன்னிக்கு என்ன திடீர்னு கலை மேல பாசம்?"

"மனுஷன் மாறக் கூடாதா?"

"மாறலாம். ஆனா புல்தரைல உருட்டறது பத்தலன்னு வீட்டுக்குள்ளயும் வந்து உருட்டாதே. சரி, அன்னிக்கு சாசேஜ் கடைய யாரு பாப்பா?"

இதுதான் சிக்கல். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூட வாசலில் ரொட்டித் துண்டில் சாசேஜ் என்ற இறைச்சிக் குழலைச் சுட்டு வைத்து விற்பார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட, மேசை வாங்க என்று ஏதாவது ஒரு நிதி. வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் வருவதே அதற்காகத்தான். அதில் வெங்காயம் வதக்குவது நோரீன்.

"நான் பாத்துக்கறேன்" என்றார் மெர்வின்.

"வெங்காயத்தையுமா?"

"வெங்காயத்தையும்."

"நாள் பூரா?"

"நாள் பூரா! நீ அந்தக் கோதுமைக் கிடங்குப் பக்கத்து ஹாலுக்குப் போ. நமக்கு ஓட்டு பள்ளிக்கூடத்துலதான்னாலும், அங்கயும் ஜனங்க ஓட்டுப் போட வர்றாங்கல்ல? சாயங்கால வெயில் அந்தச் சுவத்துல விழற அழகு இருக்கே, அடடா! அஞ்சரை வரைக்கும் அங்க இருந்தீன்னா முதல் பரிசு உனக்குத்தான்."

நோரீன் அவரைச் சந்தையில் மாடு பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "நீ சொன்னாச் சரிதான் மெர்வ்." முப்பத்தியோரு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. அந்த இடத்திலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை விடிந்தது. நோரீன் தொப்பியும் கேமராவுமாகக் கிளம்பினாள். மெர்வின் பொறுக்க மாட்டாமல் கேட்டார்: "ஓட்டுப் போட்டுட்டுப் போறியா, இல்ல..."

"இப்ப என்ன அவசரம்? ஆறு மணி வரைக்கும் கதவு தெறந்துதான இருக்கும்?"

அவருக்குக் குதிக்கலாம் போல இருந்தது. மேலங்கியை மாட்டிக்கொண்டு வெங்காய மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

வெங்காயம் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. ஒரு மணி நேரத்தில் அவர் கண்ணில் ஆறு ஓடியது. ஓட்டுப் போட வந்த கிழவி ஒருத்தி, "யாரு தவறிட்டாங்க?" என்று தோளைத் தட்டிக் கேட்டாள். மத்தியானத்துக்குள் கால் மரத்தது. இடுப்பு தனி ஆளாகப் பிரிந்து போகப் பார்த்தது. "எனக்குக் கொஞ்சம் கருகலா", "எனக்குக் கருகக் கூடாது", "எனக்கு வெங்காயமே வேண்டாம், ஆனா அந்த வாசனை வேணும்" என்று ஊரே வந்து உயிரை எடுத்தது. இத்தனை வருஷமும் நோரீன் இதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து சமைக்கவும் செய்தாளே என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் எண்ணெய் தெறித்தது. அந்த எண்ணம் போய்விட்டது.

மூன்று மணிக்கு ஐவர் வந்தார். காலையிலிருந்து வாசலில் நின்று துண்டுச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர்.

"என்னடா மச்சான், உள்ள போயிட்டு வந்துட்டியா?"

"போறேன்டா. கதவு இங்கதான இருக்கு? எட்டினாக் கை படும்."

"நான் வேணா அஞ்சு நிமிஷம் கிளறறேன், நீ போ."

"உன்ன நம்பிக் கரண்டியக் குடுத்தா, வெங்காயத்துக்கும் பிரசங்கம் பண்ணுவ. போ போ, அப்பறம் பாத்துக்கலாம்."

ஐந்தே முக்காலுக்குக் கூட்டம் ஓய்ந்தது. ஆனால் மெர்வினுக்கு ஓய்வில்லை. கோதுமைக் கிடங்குச் சாலையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். நோரீன் வந்துவிடுவாளோ? தூரத்தில் புழுதி கிளம்பியது. பால் வண்டி. அப்பாடா! மறுபடியும் புழுதி. ஆட்டுக் கூட்டம். அப்பாடா! கடைசி ஐந்து நிமிஷம் அவர் மூச்சுகூடச் சரியாக விடவில்லை. சாசேஜ் புரட்டும் இடுக்கியைத் தூக்கிப் பிடித்தபடி, கழுத்தை நீட்டிக்கொண்டு, சாலையையே பார்த்தார்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ஆச்சு!" என்று கத்திவிட்டார் மெர்வின். "ஜெயிச்சாச்சு!"

கதவைச் சாத்திய தேர்தல் அதிகாரி கெய்ல் தலையை மட்டும் நீட்டினார்.

"என்ன மெர்வ், ஒரே குஷி? காலைலேர்ந்து லிஸ்ட்ல உன் பேர் மட்டும் கோடு போடாமயே இருக்கு. எப்ப உள்ள வருவ, எப்ப வருவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

மெர்வின் இடுக்கியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். வெங்காயம் இல்லாமலே கண் கலங்கியது.

"கெய்ல், ஒரே நிமிஷம் தெற."

"ஆறுன்னா ஆறுதான்."

"நாள் பூரா இங்கயே நின்னேனே, நீ பாக்கல?"

"பாத்தேனே! சாசேஜ் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு கெய்ல் தாழ்ப்பாளைப் போட்டார்.

அடுப்பை அணைக்கும்போதுதான் நோரீன் வந்தாள். கோதுமைக் கிடங்குச் சாலையிலிருந்து வரவில்லை. எதிர்ப்புறத்து மரத்தடியிலிருந்து, கழுத்தில் கேமராவோடு, சாவகாசமாக நடந்து வந்தாள். மெர்வின் மனசுக்குள் அவசரமாகக் கணக்குப் போட்டார். நான் போடவில்லை. அவளும் போடவில்லை. சரி, பழைய கணக்கேதான். குடி முழுகிவிடவில்லை.

"அடடா, நோரீன்! கதவு சாத்திட்டாங்களே. உன் ஓட்டு போச்சே!"

"என் ஓட்டா? அத நான் செவ்வாக்கிழமையே கவுன்சில் ஆபீஸ்ல போட்டுட்டேனே. முன்னாடியே வந்து போடலாம்னு எழுதி வச்சிருந்தாங்க. ரொட்டி வாங்கப் போனப்ப அப்படியே முடிச்சுட்டேன்." பிறகு அவர் மேலங்கியில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலை எடுத்துப் போட்டாள். "கோழியோட கண்ணுல சிந்தனை இருக்குன்னியே, அன்னிக்கே போய் ஓட்டப் போட்டுடணும்னு தோணிச்சு."

தெல்மா பதினோரு ஓட்டில் ஜெயித்தார். ஐவர் இரண்டு வாரம் வேலிக்கு மேல் தலை காட்டவில்லை. ஒருநாள் காட்டினார்.

"உன் ஓட்டும் விழுந்திருந்தா பத்துலதான்டா தோத்திருப்பேன். பத்துன்னா ஒரு மரியாதை இருந்திருக்கும்."

மெர்வினுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது.

அடுத்த மாதம் நூலகத்தில் கண்காட்சி. வர முடியாது என்று மெர்வின் சொல்லிப் பார்த்தார். நோரீன் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்துவிட்டாள். பிறகு எங்கே போகாமல் இருப்பது?

சுவர் முழுக்கப் படங்கள். நாயோடு வரிசையில் நிற்கும் ஒருவர், தாத்தாவைச் சக்கர நாற்காலியில் தள்ளி வரும் பேத்தி, கோதுமைக் கிடங்குச் சுவரில் விழும் வெயில். நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, மெர்வின். இடுக்கியைத் தூக்கிப் பிடித்து, கழுத்தை நீட்டி, முகமெல்லாம் ஆசையாகச் சாலையைப் பார்த்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடக் கதவு பாதி சாத்தியிருக்கிறது. சாத்தும் கை தெரிகிறது. கீழே நோரீனின் கையெழுத்தில்: ‘குடிமகன்.’

படம் அருமையாக இருந்தது. எரிச்சலே அதுதான்.

ஊரே அதற்கு முன்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கெய்ல் தன் கையைத் தானே காட்டி எல்லாரிடமும் பெருமைப்பட்டுக்கொண்டார். ஐவர்கூடச் சிரித்தார்.

மேசையில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. வந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த படத்தின் எண்ணைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். அதிக ஓட்டு வாங்கும் படத்துக்குப் பரிசு. அதோடு அதைப் பெரிதாக அச்சடித்துக் கவுன்சில் வாசலில் மாட்டுவார்களாம். வாசலில்! நிரந்தரமாக! மெர்வினுக்கு ரத்தம் சூடேறியது. இந்தப் பெட்டியையுமா விடுவது? யாரும் பார்க்காத மூலைக்குப் போய், நாய்ப் படத்தின் எண்ணை அழுத்தமாக எழுதி, நாலாக மடித்து, கூட்டத்தில் முதல் ஆளாகக் கொண்டுபோய்ப் போட்டார். உடம்பே லேசாகிவிட்டது.

சாயங்காலம் நூலகர் ஷெல்பி பெட்டியைக் கவிழ்த்து எண்ணிவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"எங்களுக்கே ஆச்சரியமா இருக்கு. ஒரே ஒரு ஓட்டு நாய்க்கு. மிச்சம் அத்தனையும் நோரீன் எடுத்த படத்துக்கு!"

கைதட்டல் ஓய்ந்தது. ஒரே ஒரு ஓட்டு என்றதும் அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பி மெர்வினைப் பார்த்தன. அவர் காலணியைப் பார்த்தார். நோரீன் பரிசை வாங்கிக்கொண்டு, மைக்கைத் தன் பக்கம் இழுத்து, உண்மையாகவே கனிவான குரலில் சொன்னாள்:

"யாரும் அவரத் திட்டாதீங்க. இந்தத் தடவையாவது மனுஷன் ஓட்டுப் போட்டாரே!"