தும்மல் சாமியின் துண்ணூறு

செவ்வாய்க்கிழமையானால் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் பாதி ஊர் தும்மிக்கொண்டு நிற்கும். தும்மல் சாமி என்கிற கஜபதி நெற்றியில் ஊதி, ஊரார் துண்ணூறு என்னும் திருநீற்றை ஒரு பொட்டலம் கொடுத்து விழுங்கச் சொல்வார். அரை மணியில் மூக்கடைப்பு விட்டுவிடும். முருகனுக்கே ஜலதோஷம் என்றாலும் மலையிறங்கி இங்கேதான் வரவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். பக்திக்கும் ஒரு அளவு வேண்டாமா!

அம்மையார்குப்பம் பிரபாவதிக்கு விசைத்தறிப் பஞ்சு மூக்கில் ஏறினால் நாள் முழுக்கத் தும்மல். ரத்தக்கொதிப்புக்குத் தினமும் மாத்திரை வேறு. மூன்று வாரம் சாமி திருநீறும் சேர்ந்தது. தும்மல் குறைந்தது, நெஞ்சு படபடத்தது. சாமியிடம் சொன்னாள்.

"சக்தி உள்ள எறங்குதும்மா. இன்னும் ரெண்டு பொட்டலம் சேத்துப் போடு."

போட்டாள். மறுநாள் தறி முன்னாலேயே கண் இருட்டிச் சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் புஷ்பலதா ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு.

"பிபி மாத்திரைய நிறுத்திட்டியாக்கா?"

"இல்ல சிஸ்டர். சாமி துண்ணூறு மட்டும் துன்னுகினு இருந்தேன்."

புஷ்பலதா பொட்டலத்தைப் பிரித்தாள். சாம்பலுக்குள் மஞ்சள் துணுக்குகள்.

"கசக்குதா?"

"ஆங், வேப்பங்கொட்டையாட்டம்."

"சாம்பல் எங்கக்கா இப்பிடிக் கசக்கும்? சளி மாத்திரைய இடிச்சிப் போட்டிருக்கான். மூக்கடைப்பு எடுக்கிற மருந்து ரத்தக்குழாய இறுக்கி பிபிய ஏத்திடும். தும்மலுக்கு அது இல்லாத மாத்திரை இருக்குது, டாக்டர் எழுதித் தருவாரு. மருந்துக் கடையில கூட பிபின்னு சொல்லாம எதையும் வாங்காத."

பிரபாவதிக்கு அவமானமாக இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அது கோபமாகியிருந்தது. வரிசையில் நின்று பொட்டலம் வாங்கியவள், அதைச் சாமியிடமே நீட்டினாள்.

"மொதல்ல நீங்க துன்னுங்க சாமி."

"நான் வெரதம்மா."

"துண்ணூறு துன்னா வெரதம் கெட்டுப்பூடுமா?"

கூட்டத்துக்கு அற்புதம் பார்க்கும் ஆசை. "துன்னுங்க சாமி!" என்று கத்தினார்கள். பக்தி முற்றிய ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து வாயருகே கொண்டுபோனார். சாமி துள்ளி எழுந்தார்.

"யோவ், எடுய்யா அத! எனக்கு பிபி இருக்குது!"

கொட்டகையில் ஒருவரும் தும்மவில்லை.

"எனக்கும் இருக்குதுன்னு மொத வாரமே சொன்னேனே சாமி?" என்றாள் பிரபாவதி.

யாரோ ஆசனத்தைப் புரட்டினார்கள். அடியில் ஒரு சிறிய உரல், சாக்கு நிறையக் காலி மாத்திரை அட்டைகள். போலீஸ் வந்து சாமியை ஜீப்பில் ஏற்றியது. அப்போதும் ஒருவர் பிரபாவதியின் காதைக் கடித்தார்: "மீதித் துண்ணூறு யாருகிட்ட கெடைக்கும்மா?"

"மூக்கு தொறந்தது போதும்," என்றாள் அவள். "வூட்டுக்குப் போயி மூளையத் தொறக்க வழி பாருங்க."