சுயாக் பள்ளியின் கரும்புக்கட்டுப் போர்

எங்கள் கரும்புத் தீவின் தென்கடல் கரும்பாறையில் மோதி ஓயாது முரசறையும் சுயாக் ஊரிலே, தகரக்கூரைப் பள்ளியிலே, சுண்ணக்கட்டியே வேலாக, கரும்பலகையே களமாக நின்று, கழித்தல் என்னும் கொடும்பகையை எதிர்த்த எங்கள் தலைவி, இரண்டாம் வகுப்புக் காவலர், மிஸ் அலமேலு அப்பாசாமி வாழ்க! வெண்பொடி படிந்த அவர் விரல்கள் வாழ்க! கலைமகளே, இச்சிறு போரைப் பாடத் துணிந்தோம். எண் பிறழாமல் எம் நாவைக் காத்தருள்வாய்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு, கரும்பு வெட்டும் பருவம். அன்று பலகையில் எழுந்து நின்ற அரக்கன் இவன்தான்: நாற்பத்திரண்டில் பதினேழு போனால் மீதி என்ன? இரண்டில் ஏழு போகாது என்று மார்தட்டினான் அவன். பக்கத்துப் பத்தைக் கட்டவிழ்த்தாலன்றி அவனை வீழ்த்த வழியில்லை.

தலைவியின் படையோ பலவகைப் படை. பதினேழைக் கண்டால் எழுபத்தொன்று என்று எழுதிவிடும் ராஜனுக்காகப் பத்துகளைச் சிவப்பாலும் ஒன்றுகளை வெள்ளையாலும் தீட்டினார். காற்றைக் கட்டினாலும் பெஞ்சில் கட்ட முடியாத பாட்ரிக்கின் கைக்கு வேலை வேண்டுமே என்று, விரல்நீளம் நறுக்கிய கரும்புத் துண்டுகளைப் பத்துப் பத்தாய்க் கற்றாழை நாரால் கட்டும் படைக்கலக் காவலை அவனிடமே ஒப்படைத்தார். இடக்காதில் மட்டும் சற்றே கேட்கும் நதினை, அந்தக் காது தம் பக்கம் வரும்படி முன்வரிசையில் இருத்தி, சொல்லாமல் செய்துகாட்டியே பல நாள் போராடினார்.

அந்த நதினுக்காகத்தான் அன்றைய போர். மந்தமான பெண், சின்ன வகுப்புக்கே திரும்பிப் போகட்டும் என்று முடிவுகட்டியிருந்தார் தலைமையாசிரியர் ஃப்ரான்சிஸ். தம் கண்முன் ஒரே ஒரு கழித்தலைச் செய்துகாட்டினால் விட்டுவிடுவதாக வாக்களித்து, டை முடிச்சை இறுக்கிக்கொண்டு, காலனைப் போல வாயிலில் வந்து நின்றார்.

அலமேலுவின் நெஞ்சு சர்க்கரை ஆலைபோல் அதிர்ந்தது. நான்கு கட்டுகளும் இரண்டு உதிரிகளும் நதினின் முன் அணிவகுத்தன. இரண்டில் ஏழு எடுக்கப் பார்த்தாள்; முடியவில்லை. நாணேற்றுமுன் வில்லாளி நிற்பதுபோல் ஒரு கணம் நின்றாள். பின்பு, எவரும் சொல்லாமலே, ஒரு கட்டின் நாரைப் பிடித்து இழுத்தாள். கோட்டைக் கதவு திறந்தது! எத்தனையோ வாரம் கெஞ்சியும் நடவாதது நடக்கக் கண்ட தலைவியின் கண்கள் கலங்கின. ஏழு துண்டுகளும் ஒரு முழுக்கட்டும் விலகின. எஞ்சியவற்றை நதின் எண்ணினாள்.

"வென்தே, மிஸ்." தீவின் கிரியோல் மொழியில் இருபத்திரண்டு.

ஃப்ரான்சிஸ் தலையை ஆட்டினார். "இருபத்தைந்து. பார்த்தீர்களா, மாம்செல்?" என்று அலமேலுவிடம் மெல்லச் சொல்லிக் கதவுப் பக்கம் திரும்பினார்.

அரசன் சாய்ந்த களம்போல் வகுப்பு அடங்கிற்று. அவர் சொன்னது நதினுக்குக் கேட்கவில்லை. தலை ஆடியது மட்டும் தெரிந்தது. மறுபடி எண்ணினாள். அதே விடை. சிலேட்டை இழுத்துக் கணக்கை எழுதிப் போட்டாள், அங்கே இருபத்தைந்து. ஒரு நாட்டுக்கு இரண்டு மன்னர்கள் உரிமை கோரியதுபோல் சிலேட்டையும் கரும்பையும் மாறி மாறி நோக்கினாள். அப்புறம், மிஸ்ஸின் புடவை முந்தானையைப் பற்றி இழுத்து, "த்ருவா பா லா" என்றாள். மூன்று இல்லையாம்.

படைக்கலக் காவலன் பக்கம் எல்லாக் கண்களும் திரும்பின. பாட்ரிக்கின் மோவாயில் சாறு வழிந்தது. அவன் காலடியில் மென்று துப்பிய சக்கை. நாரை நெகிழ்த்தி உருவியிருக்கிறான், அவள் அவிழ்த்த அதே கட்டிலிருந்து.

ஃப்ரான்சிஸ் குனிந்து தாமே எண்ணிப் பார்த்தார். நிமிர்ந்து டை முடிச்சைத் தளர்த்தினார். "நான் ஒரு கழித்தல்தான் கேட்டேன். இவள் இரண்டு செய்துவிட்டாள். இங்கேயே இருக்கட்டும்."

வெற்றிச் சங்கென ஊதிச் சென்றது தெருவில் ஒரு கரும்பு லாரி! வென்ற நதினுக்கு முதல் துண்டு, சிவப்பும் வெள்ளையும் காத்த ராஜனுக்கு அடுத்தது, தலைமையாசிரியருக்கும் ஒன்று. பாட்ரிக் நீங்கலாக, படை முழுதும் பகைவனின் மீதியைப் பங்கிட்டுக் கடித்து மென்று, பகலவன் நாணத் திளைத்த அவ்விருந்தின் புகழ் கடலுள்ளளவும் நிலைப்பதாக!

மறுநாளிலிருந்து மிஸ் அப்பாசாமி கணக்குப் பாடத்துக்குப் புளியங்கொட்டை கொண்டுவந்தார்.