பேண்ட் மாஸ்டர் மெலிந்த இருபத்தெட்டு நாள்

"இந்த வருஷம் கடலுக்குப் போறோம்" என்று மனைவி அறிவித்தபோது ஊருக்குப் பேண்ட் தைக்கும் மாஸ்டரின் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. ஒன்றைக்கூட விழுங்காமல் தப்பித்ததற்குத் தொழில் அனுபவம்தான் காரணம்.

கோடைதோறும் வரும் அறிவிப்புதான் இது. பதினாறு வருஷமாக மாஸ்டர் அதை முறியடித்துக்கொண்டுதான் வருகிறார். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. உலகமே லீவு விட்டு எங்கேயாவது கிளம்பும் மாதத்தில்தான் தையல்காரனுக்குச் சீசன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இருநூறு யூனிஃபார்ம் பேண்ட் தைத்துக் கொடுத்தாக வேண்டும். ஒரு பேண்ட் தாமதமானால் ஒரு பையன் பழைய பேண்டில் கணுக்கால் தெரியப் பள்ளிக்கூடம் போவான். ஊர் அந்தக் கணுக்காலைப் பார்த்துப் பையன் வளர்ந்துவிட்டான் என்று சொல்லாது. மாஸ்டர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லும்.

மனைவி பக்கமும் நியாயம் உண்டு. அவள் கடலைப் பார்த்ததே இல்லை. அவளுடைய அக்கா வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியுமாம். ரயிலில் எட்டு மணி நேரம்தான். போன வருஷம் பெட்டியில் துணி அடுக்கி, கிளம்புவதற்கு முதல் நாள் மாஸ்டர் கையை விரித்ததும், ஒவ்வொரு துணியாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். திட்டவில்லை, அழவில்லை. அந்த மௌனம் மாஸ்டரை ஒரு வருஷமாக மிரட்டிக்கொண்டிருந்தது. ஆகவே இந்த முறை 'முடியாது' என்று சொல்ல முடியாது. சொல்லாமல் முடியாமல் ஆக்க வேண்டும்.

முடி திருத்தும் கடையில் காத்திருந்தபோது அதற்கான வழி கிடைத்தது. ஒரு பழைய வாரப் பத்திரிகை. 'கோடைப் பயணமா? உடலையும் சருமத்தையும் நான்கு வாரம் முன்பே தயார் செய்யுங்கள்!' மாஸ்டர் ஒரு இருமல் இருமி, அந்தச் சத்தத்தில் பக்கத்தைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்:

"போலாம்."

"என்னது?"

"கடலுக்குப் போலாம்னு சொன்னேன்."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே?"

"காய்ச்சல் இல்ல. ஆனா உடம்பு இருக்கே உடம்பு, அதைச் சொல்லு. இந்தத் தொப்பையைத் தூக்கிக்கிட்டு கடற்கரையில நடந்தா உங்க அக்கா என்ன நினைப்பாங்க? இந்தத் தோலை அந்த வெயில் உரிச்சு எடுத்துடாதா? இங்க பாரு, பத்திரிகையிலயே போட்டிருக்கான். முதல்ல உடம்பைப் பழக்கணும், அப்புறம்தான் பயணம்."

"சரி, பழக்குங்க."

"பழகிடுச்சுன்னு எப்படித் தெரியும்? அதுக்கு ஒரு அளவு வேணாமா?"

மாஸ்டர் இரும்புப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பேண்டை எடுத்தார். கல்யாணமான வருஷம் தனக்கென்று அவரே தைத்துக்கொண்டது. இடுப்பு முப்பத்தாறு.

"என்னிக்கு இதுல கொக்கி மாட்டுதோ, அதுக்கு மறுநாளே ரயில். என் கத்திரிக்கோல் மேல சத்தியம்."

மாஸ்டரின் இப்போதைய இடுப்பு குத்துமதிப்பாக முப்பத்தொன்பது. குத்துமதிப்பு என்று சொல்லக் காரணம், அவர் தன்னைத் தானே டேப்பால் அளப்பதில்லை. தன் இடுப்பை அளக்கும் தையல்காரன் மூச்சையும் உள்ளே இழுப்பான், டேப்பையும் இழுப்பான், அப்புறம் அந்தக் கை யாரை அளந்தாலும் பொய் சொல்லும் என்று தொழில் கற்றுக் கொடுத்தவர் பயமுறுத்தி வைத்திருந்தார். தினமும் ஒரு பேண்டை மாட்டினாலாவது உண்மை தெரியும். ஊருக்கெல்லாம் பேண்ட் தைப்பவர் உடுத்துவதோ நாடா வைத்த பைஜாமா. நாடாவுக்கு யாரையும் குறை சொல்லத் தெரியாது.

எப்படியும் மூன்று அங்குலம் நான்கு வாரத்தில் கரையப் போவதில்லை. கரைவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். கடலும் எங்கேயும் ஓடிவிடாது.

மனைவி அந்தப் பேண்டை வாங்கி உள்பக்கம் திருப்பினாள். பின்பக்கம் நடுவே ஓடும் பின்தையலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். மற்ற தையல்காரர்கள் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டாலே அதிகம். நம் மாஸ்டர் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் விட்டுத் தைப்பவர். அதைச் சொல்லிச் சொல்லியே வாடிக்கை பிடித்தவர்.

"சரி" என்றாள். பேண்டை மடித்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மாஸ்டரின் போர்வை பறந்தது.

"எந்திரிங்க. உடம்பைப் பழக்கணும்."

"அஞ்சு மணிக்கா? பத்திரிகையில அப்படி ஒண்ணும் போடலையே!"

"நீங்க முன்பக்கம் மட்டும்தான் படிச்சீங்க. பின்பக்கம் இருக்கு பாருங்க. அஞ்சு மணிக்கு எழுந்து நடக்கணும். ஆறு மணிக்கு இளவெயில்ல உட்காரணும், தோல் வெயிலுக்குப் பழக. மத்தியானத் தூக்கம் அறவே கூடாது, முகம் ஊதிடுமாம். ராத்திரி வெறும் வெள்ளரிக்காய்."

மாஸ்டர் பின்பக்கத்தைப் பார்த்தார். எல்லாம் இருந்தது. திருப்பிப் பார்க்காமல் பக்கத்தைக் கிழித்தவனைக் கடவுளும் காப்பாற்ற முடியாது.

நடந்துவிட்டு வந்தவரை மனைவி மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். முகத்தில் கடலை மாவும் தயிரும் குழைத்துப் பூசினாள். கண்ணுக்கொரு வெள்ளரித் துண்டு. குதிகாலில் எண்ணெய்.

"இனிமே பேசக் கூடாது. பேசினா மாவு வெடிச்சு முகத்துல கோடு விழுந்துடும்."

"எவ்வளவு நேரம்?"

"நாற்பது நிமிஷம். இப்பப் பேசினதுக்கு அஞ்சு நிமிஷம் சேர்த்துக்குங்க."

முதல் நாள் பசி தாங்காமல் மாஸ்டர் வலது கண்ணை எடுத்துத் தின்றுவிட்டார். மறுநாளிலிருந்து மனைவி துண்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டாள். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டம்மா முதல் நாள் அலறினாள், இரண்டாம் நாள் சிரித்தாள், மூன்றாம் நாள் தன் கணவருக்கும் அதே மாவைப் பூசிக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். இரண்டு மொட்டை மாடிகளில் இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல், பேசவும் முடியாமல் வெயில் காய்ந்தார்கள்.

ஏழு மணிக்கு மாவைக் கழுவினால் வேறு வேலை கிடையாது. கடை வீட்டின் முன்னறைதான். திறந்து மிஷினில் உட்கார்ந்தார். மத்தியானம் தூக்கம் சுழற்றியது. கண்ணை மூடினால் உள்ளேயிருந்து "என்னங்க, முகம் ஊதுது" என்று குரல் வரும். தூங்காமலிருக்க ஒரே வழி தைப்பது. தைத்தார். கழுத்து வியர்க்க வியர்க்கத் தைத்தார்.

இதற்கெல்லாம் நஷ்ட ஈடு எதிரிலிருந்த டீக்கடையில் கிடைத்தது.

"வாங்க மாஸ்டர். வீட்டுல வெறும் வெள்ளரிக்காய்தானாமே?"

"அதைப் பேசத்தான் கடை வெச்சிருக்கீங்களா? ஒரு பன் கொடுங்க. வெண்ணெய் தடவி."

"அண்ணிக்குத் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? நீங்க சொல்லமாட்டீங்க, நானும் சொல்லமாட்டேன்."

"நான் எதுக்கு மாஸ்டர் சொல்லப் போறேன்!" என்று டீக்கடைக்காரர் உருகினார்.

பசிக்கு மட்டும் சாப்பிட்ட பன் அல்ல அது. இடுப்பு தப்பித்தவறிக்கூட இறங்கிவிடாமலிருக்க மாஸ்டர் செய்துகொண்ட முன்னேற்பாடு.

முதல் ஞாயிற்றுக்கிழமை ட்ரையல். பேண்டை மாட்டினார். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. மாஸ்டர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டார்.

"கவலைப்படாதீங்க, குறைஞ்சிடும்" என்றாள் மனைவி.

இரண்டாவது ஞாயிறு இடைவெளி இரண்டு விரல்.

"பாத்தீங்களா! கரையுது!"

மாஸ்டர் டீக்கடைக்கு ஓடினார். நாளுக்கு ஒன்றாக இருந்த பன்னை இரண்டாக்கினார். மூன்றாவது ஞாயிறு ஒரே ஒரு விரல்தான். அதுவும் சுண்டு விரல். இரண்டை மூன்றாக்கினார். பயம் தாளாமல் மருந்துக்கடை எடை மிஷினில் ஏறினார். போன மாதத்தைவிட மூன்று கிலோ கூடியிருந்தது.

"உங்க மிஷின் ரிப்பேர்" என்றார் மருந்துக்கடைக்காரரிடம்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு மாஸ்டர்."

எடை ஏறுகிறது, இடுப்பு இறங்குகிறது. அப்படியானால் சதை எங்கேதான் போகிறது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன் கால்களைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே வந்தார்.

நான்காவது ஞாயிறு. மூச்சை வெளியே விட்டு, வயிற்றை முடிந்தவரை முன்னே தள்ளிக்கொண்டுதான் நின்றார். மனைவி பட்டியை இழுத்தாள்.

'டக்.'

கொக்கி மாட்டிக்கொண்டது. மனைவி கை தட்டினாள். மாஸ்டர் மட்டும் கை தட்டவில்லை. பேண்டைக் கழற்றி, பைஜாமாவுக்கு மாறி, கட்டிங் மேஜைக்குக் கொண்டுபோய் விளக்கைப் போட்டு உள்பக்கம் திருப்பினார்.

பின்தையலில் நூல் புதிது. பதினாறு வருஷத்து நூல் வெளுத்திருக்க வேண்டும், இது பளபளத்தது. உள்ளே பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் விட்டிருந்த துணியில் இப்போது மிச்சம் தீக்குச்சி அகலத்துக்குமேல் இல்லை. ஆனால் தையல்? ஒரு நூல் விலகல் இல்லை. அவருடைய தையலேதான். கல்யாணமான புதிதில் பக்கத்தில் உட்கார வைத்து அவர்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். மாஸ்டருக்கு ஒரு கணம் பெருமை பொங்கியது. மறுகணம் கோபம் ஞாபகம் வந்தது.

"பிரிச்சிருக்கே!"

"எதை?"

"மூணு அங்குலத்தையும்!"

"ரெண்டே முக்கால்தாங்க. கால் அங்குலம் உங்க மானத்துக்கு விட்டு வெச்சிருக்கேன்."

"எப்பப் பிரிச்சே?"

"நீங்க கண்ணுல வெள்ளரிக்காயோட மாடியில இருந்தப்ப. வாரத்துக்கு முக்கால் அங்குலம், கடைசி வாரம் மட்டும் அரை. நாற்பது நிமிஷம் தாராளம்."

"மோசடி! இது செல்லாது! பயணம் ரத்து!"

மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. அவர் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினாள்.

"நியாயம்தான். பேண்டை விட்டுடுவோம். டேப்பால அளந்துடலாம். நாலு வாரமா வெள்ளரிக்காய் சாப்பிட்ட உடம்பு, எவ்வளவு குறைஞ்சிருக்குன்னுதான் பாப்போமே. கையைத் தூக்குங்க."

மாஸ்டரின் மூளை மிஷின் வேகத்தில் ஓடியது. டேப் முப்பத்தொன்பதுக்குக் குறையாமல் காட்டும். வெள்ளரிக்காய் சாப்பிட்டும் ஏன் குறையவில்லை என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்வியின் வால் எதிரிலிருக்கும் டீக்கடை வரை நீளும்.

"அளக்கறதெல்லாம் எதுக்கு?" என்று இரண்டடி பின்வாங்கினார். "கொக்கி மாட்டினா போறோம்னுதானே பேச்சு? மாட்டிடுச்சு. யார் பிரிச்சா என்ன? சொன்ன சொல் தவறமாட்டேன் நான்!"

"அப்ப போறோமா?"

"போறோம்! ஆனா…" அவரிடம் ஒரே ஒரு அம்பு மிச்சமிருந்தது. "இருநூறு யூனிஃபார்ம் பேண்ட்? அதை நினைச்சுப் பாத்தியா?"

மனைவி முன்னறை மூலையில் தொங்கிய திரையை விலக்கினாள். சுவர் ஓரமாக நீல நிறப் பேண்டுகள் பத்துப் பத்தாகக் கட்டி அடுக்கியிருந்தன. பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, கொக்கி வைத்து, இஸ்திரி போட்டிருந்தன.

"எண்ணிப் பாருங்க."

எண்ணினார். நூற்றுத் தொண்ணூற்றொன்று.

"விடியறதுக்குள்ள எழுந்தீங்க, மத்தியானம் தூங்கலை. தைக்காம என்ன செஞ்சீங்க? நீங்க தைச்சுப் போடப் போட நான் காஜா எடுத்தேன். மிச்சம் ஒன்பதையும் இன்னிக்கும் நாளைக்குக் காலையிலயுமா முடிச்சிடலாம். மத்தியானம் பள்ளிக்கூடத்து வண்டி வந்து எடுத்துக்கும். சாயங்காலம் நமக்கு ரயில்."

"டிக்கெட்?"

"எடுத்து மூணு வாரம் ஆச்சு."

மாஸ்டர் அந்த அடுக்குகளின் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார். சீசன் முடிவதற்கு இருபது நாள் முன்பே வேலை முடிந்திருப்பது அவர் வாழ்க்கையில் முதல் தடவை. தோற்றவனுக்குரிய வருத்தத்தை உள்ளே தேடிப் பார்த்தார், அது அகப்படவில்லை. மனசு லேசாக இருந்தது. எதற்காக இத்தனை வருஷம் இவளைக் காக்க வைத்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"கடல்ல அப்படி என்னதான் பாக்கணும் உனக்கு?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"எனக்கெப்படித் தெரியும்? பாத்திருந்தா சொல்லியிருப்பேன்" என்று அவள் பெட்டியை எடுக்கப் போனாள்.

மறுநாள் மாலை ரயில் கிளம்பியது. ஜன்னல் பக்கம் மனைவி. சாம்பல் நிறப் பேண்டில் மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிரிக்க இனி துணி இல்லாததால் குனிய முடியவில்லை. வெயிலில் ஊறிய முகம் நிஜமாகவே பளிச்சென்றிருந்தது. எதிர் சீட்டுக்காரர் அவரை "தம்பி" என்று கூப்பிட்டதை மூன்று முறை நினைத்து ரசித்தார். மனைவி ஓடும் வயல்களைப் பார்த்து, இப்போதே கடல் வந்துவிட்டதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க அவருக்கு நன்றாக இருந்தது. எல்லாவற்றிலும் அவள் ஜெயித்துவிட்டாள், போகட்டும். டீக்கடை விஷயம் மட்டும் தன்னோடு பத்திரமாக இருக்கிறது. ஒரு மனிதனுக்கு அந்த அளவு வெற்றி போதும்.

வயிறு பசித்தது. கேட்பதற்குள் மனைவி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"டீக்கடைக்காரர் கட்டிக் கொடுத்தாரு, சாப்பிடுங்க. இத்தனை நாள் குறைச்சுத் தடவச் சொல்லியிருந்தேன், இன்னிக்கு மட்டும் வெண்ணெயைத் தாராளமாத் தடவச் சொல்லிட்டேன்."